பிடியும் வீழ்ச்சியும்: குஸ்தி வீடியோ விளையாட்டில் சொந்த அசைவு அமைத்தல்

குஸ்தி வீடியோ விளையாட்டில் ஒரு பிடி என்பது இரண்டு உடல்கள் சேர்ந்து ஆடும் ஒரே அசைவு. குத்துச்சண்டை விளையாட்டில் குத்துபவருக்கு ஓர் அசைவு, குத்து வாங்குபவருக்கு வேறோர் அசைவு என்று தனித்தனியாக அமைத்துவிடலாம். இரண்டும் எங்கே சந்திக்க வேண்டும் என்பதை விளையாட்டே கணக்கிட்டுக்கொள்ளும். குஸ்தியில் அது நடக்காது. ஒருவர் இன்னொருவரை இடுப்பைப் பிடித்துத் தூக்கினால், தூக்குபவரின் விரல்கள் இருக்கும் இடத்திலேயே மற்றவரின் இடுப்பும் ஒவ்வொரு ஃபிரேமிலும் இருந்தாக வேண்டும். இரண்டு அங்குலம் விலகினாலும் காற்றைப் பிடித்துத் தூக்குவதுபோல் தெரியும். இரண்டு அங்குலம் கூடினால் விரல் சதைக்குள் புதைந்துபோகும். ஆகவே சொந்தப் பிடி அமைப்பவர் முதல் நாளிலிருந்தே இரண்டு உருவங்களையும் ஒரே கோப்பில், ஒரே காலக்கோட்டில் வைத்து வேலை செய்ய வேண்டும். இந்த அத்தியாயத்தில் பிடியைப் போடும் உருவம் ‘போடுபவர்’, அதில் சிக்கும் உருவம் ‘வாங்குபவர்’.

விளையாட்டுக்கு உள்ளேயே பிடி அமைக்கும் வசதி சில தொடர்களில் உண்டு. 2008இல் வெளிவந்த ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2009, ஆயத்தத் துண்டுகளை அடுக்கி ஒரு முடிவுப் பிடியை உருவாக்கும் வசதியைத் தந்தது. அடுத்த ஆண்டுப் பதிப்பில் மூலைக் கம்பத்தின் மேலிருந்து பாயும் பிடிகளும் அதில் சேர்ந்தன. பின்னால் வந்த பதிப்புகளில் அந்த வசதியே இல்லாமல் போனது. ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் வேர்ல்ட் வேறு வகை. அதில் உருவங்கள் தட்டையானவை. தலை, உடல், கை, கால் என்று துண்டுகளை வெட்டி ஒட்டியதுபோல் ஒவ்வொரு நிலையையும் அமைத்து, அது எத்தனை ஃபிரேம் நிற்க வேண்டும் என்று குறிக்கலாம். கற்கத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை. முப்பரிமாண உருவங்களுக்கு பிளெண்டர் என்ற மென்பொருள் போதும், அது இலவசம். சொந்தமாகவே விளையாட்டைக் கட்டுபவர்கள் பிளெண்டரில் செய்த அசைவை யூனிட்டி அல்லது கோடோ என்ற விளையாட்டு எஞ்சினுக்குள் கொண்டுபோகிறார்கள். கருவி எதுவானாலும் கீழே வரும் முறை மாறாது.

கேலாங் தரும் மாதிரி

பிடியைக் கற்பனையிலிருந்து அமைக்கத் தொடங்குவது பெரும்பாலும் தோல்வியில் முடியும். பார்த்து அமைக்க ஒரு மாதிரி வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவருக்கு அந்த மாதிரி கேலாங்கிலேயே கிடைக்கிறது. கேலாங் ரோட்டுக்கும் மவுன்ட்பேட்டன் ரோட்டுக்கும் இடையில் 1930களின் பிற்பகுதியில் எழுந்த ஹேப்பி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா, பின்னாளில் கே வேர்ல்ட் என்று பெயர் மாறியது. சினிமா, நடன அரங்கு, கடைகள் எல்லாம் இருந்த அந்தப் பூங்காவின் விளையாட்டரங்கில் குஸ்திப் போட்டிகளும் நடந்தன. கிங்காங் என்ற பெயரில் மேடையேறிய எமில் சாயா இவ்வட்டாரத்துக்கு மிகவும் பழக்கமான முகம்; 1970இல் அவர் இறந்ததும் சிங்கப்பூரில்தான். தாராசிங் 1947இல் வேலை தேடி சிங்கப்பூர் வந்து, கிரேட் வேர்ல்ட் பூங்காவில் ஹர்னாம் சிங்கிடம் பயிற்சி பெற்று எழுந்த குஸ்தி வீரர். ‘கிங்காங் - தாராசிங் குஸ்தி’ என்பது தமிழ்நாட்டிலும் மலாயாவிலும் ஒரு தலைமுறையின் வாயில் ஒரே சொல்லாக வழங்கியது.

அரங்கு இன்று இல்லை. ஆனால் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தொகுப்பில் அந்தக் காலத்து நாளிதழ்களைத் தேடிப் படிக்கலாம். தமிழ் முரசும் அதில் உண்டு. பூங்காவின் பெயரையும் வீரரின் பெயரையும் சேர்த்துத் தேடினால் போட்டி விளம்பரங்களும் செய்திகளும் சில படங்களும் கிடைக்கும். உயிருள்ள அசைவைப் பார்க்க விரும்புபவருக்கு 2012இல் தொடங்கிய சிங்கப்பூர் ப்ரோ ரெஸ்லிங் போன்ற அமைப்புகளின் மேடைகள் இருக்கின்றன. மேடையருகே உட்கார்ந்து பார்ப்பவர், மேலே பறக்கும் உடலைவிட விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கவனிப்பது நல்லது. முதுகு முழுதும் ஒரே நேரத்தில் தரையில் படுகிறது. முகவாய் மார்போடு ஒட்டியிருப்பதால் பின்தலை தரையைத் தொடுவதில்லை. கைகள் இரண்டும் விரிந்து உள்ளங்கையால் தரையை அறைகின்றன. பலகைகளின் மேல் மெத்தையும் கித்தானும் விரித்த தரை ஒரு கணம் உள்வாங்கி மேலெழுகிறது. இந்த நான்கும் அசைவில் இல்லாவிட்டால் எவ்வளவு உயரத்திலிருந்து போட்டாலும் அடி விழுந்ததாகத் தோன்றாது.

பழைய நாளிதழ்ப் படத்திலிருந்து பிடியை மீட்டெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. படம் எடுத்தவர் உச்சக் கணத்தைத்தான் பிடித்திருப்பார்: ஒருவர் தலைக்கு மேல், இன்னொருவர் கைகளை நீட்டியபடி. அசைவின் அழகோ அந்த உச்சிக்கு ஏறிய வழியிலும் அதிலிருந்து இறங்கிய வழியிலும் இருக்கிறது. உச்சநிலையை மட்டும் துல்லியமாக அமைத்துவிட்டு, இடையை மென்பொருளே நிரப்பட்டும் என்று விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. மென்பொருள் இரண்டு நிலைகளுக்கு நடுவே நேர்வழியில் போகும். மனித உடல் ஒருபோதும் நேர்வழியில் போவதில்லை. பாரம் இருந்தால் போகவே போகாது.

பாரத்தை அறிய எளிய வழி, 25 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து எடுப்பவரைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படம் பிடிப்பது. கேலாங் சிராய் சந்தைப் பக்கம் மூட்டை இறக்கும் எவரும் இதை ஒரு நாளில் பலமுறை செய்கிறார். அவர் இசைவு தந்தால் பத்து விநாடிப் படம் போதும். மூட்டை முதலில் எழுவதில்லை. முழங்கால் மடங்குகிறது, மூட்டை வயிற்றோடு அணைகிறது, அதன் பிறகே முதுகு பின்னால் சாய்கிறது, கடைசியில்தான் கால் நிமிர்கிறது. தூக்கிய பின் வைக்கும் முதல் அடி குட்டையாக இருக்கும். தலைக்கு மேல் ஆளைத் தூக்கும் பிடியிலும் வரிசை இதுவே. ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று நான்கு ஃபிரேம் விட்டால் பாரம் தானே வந்துவிடும்.

பயிற்சி இல்லாதவர்கள் இந்தப் படத்துக்காக ஒருவரையொருவர் தூக்கிப் போட்டுப் பார்க்கக் கூடாது. கழுத்தெலும்பு முறிய ஒரு தவறு போதும். நிற்கும் நிலைகளையும் கைப்பிடிகளையும் மட்டும் நண்பரோடு மெதுவாக நடித்துப் பார்க்கலாம். தூக்குவதற்குப் போல்ஸ்டர் தலையணை இருக்கிறது. கைப்பேசிப் படத்திலிருந்து அசைவைத் தானே எடுத்துத் தரும் மென்பொருள்களும் வந்துவிட்டன. தனி ஆள் நடப்பதற்கும் ஓடுவதற்கும் அவை உதவும். இருவர் கட்டிப் பிடித்த கணத்தில் ஓர் உடல் மற்றதை மறைத்துவிடுவதால், எது யார் கை என்று அவை தடுமாறுகின்றன. குஸ்திக்கு அவற்றை நம்ப முடியாது.

வாங்குபவரிடமிருந்து தொடங்குதல்

போடுபவரை முதலில் அமைத்து, அவர் கைகளில் வாங்குபவரைப் பொருத்துவது பலரின் வழக்கம். அதை மாற்றிச் செய்வதே சரி. பாரம், வேகம், வலி மூன்றும் தெரிவது வாங்குபவரின் உடலில். அவர் எந்தப் பாதையில் ஏறி எந்தப் பாதையில் விழுகிறார் என்பது முடிவானால், போடுபவர் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு சாய வேண்டும் என்பது தானாக முடிவாகிவிடும். மேடைக் குஸ்தியிலும் இதுதான் நடைமுறை: நன்றாக விழத் தெரிந்தவர் எதிரே இருந்தால் சாதாரண வீரரின் பிடியும் மலைபோல் தெரியும்.

விழும் பாதையைக் கணக்கிட்டே அமைக்கலாம். தோள் உயரமான ஒன்றரை மீட்டரிலிருந்து விழும் உடல் தரையைத் தொட ஏறத்தாழ 0.55 விநாடி ஆகும். விநாடிக்கு 30 ஃபிரேம் கணக்கில் அது 16 அல்லது 17 ஃபிரேம். ஒரு மீட்டரிலிருந்து என்றால் 0.45 விநாடி, 13 அல்லது 14 ஃபிரேம். வீழ்ச்சி சீராக இருக்காது. விழும் நேரத்தை நான்கு சம பாகங்களாகப் பிரித்தால், அவற்றில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வளரும். ஒன்றரை மீட்டரில் முதல் 4 ஃபிரேமில் 9 சென்டிமீட்டர்தான் இறங்கும். கடைசி 4 ஃபிரேமில் 66 சென்டிமீட்டர் இறங்கிவிடும். இந்த நான்கு இடங்களில் இடுப்பின் உயரத்தைக் குறித்துவிட்டால் வீழ்ச்சியில் பாதி வேலை முடிந்தது. வீரர் வேண்டுமென்றே அழுத்திப் போடும் பிடிகளில் மட்டும் நேரத்தை இன்னும் இரண்டு மூன்று ஃபிரேம் குறைக்கலாம். கூட்டவே கூடாது, கூட்டினால் உடல் தண்ணீருக்குள் விழுவதுபோல் மிதக்கும்.

பிளெண்டரைப் புதிதாக நிறுவியவர் இங்கே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அதன் இயல்பு அமைப்பு விநாடிக்கு 24 ஃபிரேம். அதை 30க்கோ 60க்கோ மாற்றாமல் வேலையைத் தொடங்கிவிட்டு, ஃபிரேம் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளும் விளையாட்டுக்குள் கொண்டுபோனால், அத்தனை உழைப்பும் வேகமாக ஓடிக் கெடும்.

உடலின் எல்லாப் பாகமும் ஒரே ஃபிரேமில் தரையைத் தொடுவதும் இல்லை. இந்தியக் குஸ்தியில் தோபி பாட் என்ற பிடி உண்டு. எதிராளியின் கையைப் பற்றி, முதுகைக் கொடுத்துத் திரும்பி, தோளுக்கு மேலாக முன்னால் அடிப்பது. சலவைத் தொழிலாளி துணியைத் தோளுக்கு மேல் ஓங்கிக் கல்லில் அடிப்பதிலிருந்து வந்த பெயர். சிங்கப்பூரின் டோபி காட் வட்டாரத்துக்குப் பெயர் தந்ததும் அங்கே ஓடையருகே துணி வெளுத்த இந்தியத் தொழிலாளர்களே. ஈரத் துணி சுழலும்போது கைப்பிடிக்கு அருகில் உள்ள பகுதி முன்னே போகும், நுனி பின்தங்கி வரும்; கல்லில் படும்போதும் நுனி கடைசியாகவே அறையும். வாங்குபவரின் உடலை அப்படியே அமைக்க வேண்டும். தோள் முதலில் திரும்பும். இரண்டு ஃபிரேம் கழித்து இடுப்பு, இன்னும் இரண்டு கழித்து முழங்கால், பாதம் எல்லாவற்றுக்கும் கடைசி. தரையில் முதுகு பட்டு இரண்டு அல்லது மூன்று ஃபிரேம் கழித்தே குதிகால்கள் அறைய வேண்டும். அந்தக் குதிகால் ஓசை தனியாகக் கேட்டால் பிடி உயிர்பெற்றுவிடும்.

ஒரு பழம்பிடியை அமைத்துப் பார்த்தல்

தமிழில் ஒரு பிடியின் வருணனை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. புறநானூற்றின் 80ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனை வீழ்த்திய காட்சி அது. ஒரு முழந்தாள் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மறு கால் அவன் செய்யும் மாற்று உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைகிறது. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல் தலையும் காலும் இரு முனையிலும் ஒடிகின்றன. மகனோடு மனவேறுபாடு கொண்ட தந்தை தித்தன் இதைக் காண வேண்டும் என்று புலவர் விரும்புகிறார். நாளிதழ்ப் படத்தைப் போலவே பாட்டும் உச்சநிலையைத் தருகிறது. முன்னும் பின்னும் அமைப்பவரின் பொறுப்பு. கீழே உள்ளது அப்படி ஒரு மீட்டெடுப்பு, 30 ஃபிரேம் கணக்கில்.

முதல் 10 ஃபிரேம்: இருவரும் கை பிணைக்கிறார்கள். போடுபவர் வலப்பக்கம் இழுப்பதால் வாங்குபவரின் பாரம் ஒரே காலுக்குப் போகிறது. பாரம் இருக்கும் கால் எது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், தட்டப்போவது அதைத்தான். 10 முதல் 24 வரை போடுபவர் உள்ளே நுழைந்து, தன் குதிகாலால் அந்தக் காலைப் பின்னாலிருந்து கொக்கி போடுகிறார். 24இல் இருவரும் சாய்கிறார்கள். இடுப்பு உயரம் சுமார் ஒரு மீட்டர் என்பதால் 38ஆம் ஃபிரேமில் வாங்குபவர் ஒருக்களித்துத் தரையில் விழ வேண்டும். மல்லாக்க விழுந்தால் மறு காலை முதுகுப்புறம் கொண்டுபோக வழி இருக்காது. பாட்டில் சொன்ன பிடி அங்கேயே தவறிவிடும்.

40 முதல் 62 வரைதான் நுணுக்கமான வேலை. முதலில் முழந்தாள் மார்பில் இறங்குகிறது. வாங்குபவர் உருண்டு தப்பப் பார்க்கிறார். அந்த முயற்சியைச் சந்தித்துப் போடுபவரின் மறு கால் முதுகுக்குப் பின்னால் சுற்றி அடைக்கிறது. தப்பும் முயற்சியை விட்டுவிட்டால் கால் சுற்றுவதற்குக் காரணமே இல்லாமல் போகும். புலவர் அந்த உபாயத்தைக் குறிப்பிட்டது வீணுக்கு அல்ல. பிறகு ஒரு கை பிடரியையும் மறு கை கணுக்காலையும் பற்றுகின்றன. 62க்கு மேல் 40 ஃபிரேம் நீளமுள்ள சுழற்சி: இரு முனையும் மெல்ல வளைய, உச்சியில் ஒரு நடுக்கம், சற்றுத் தளர்வு, மறுபடி வளைவு. முதுகெலும்பின் வளைவு முழுவதையும் ஒரே கணுவில் போடாமல் மூன்று நான்கு கணுக்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மூங்கில் கணுக்கணுவாகத்தான் வளைகிறது. சுழற்சியின் முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு தட்டு தெரியும். கடைசி ஃபிரேமை நீக்கிவிட்டால் அது போய்விடும். முடிவுக்கு இரண்டு அசைவுகள் வேண்டும்: வாங்குபவர் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது ஒன்று, பிடியை உடைத்து உருண்டு வெளியேறுவது மற்றொன்று.

எதிராளி பிடியை மறுத்துத் திருப்பும் வாய்ப்பையும் இதற்குள்ளேயே குறிக்க வேண்டும். இந்தப் பிடியில் அது 12 முதல் 20 வரை. அதுவரை இருவரும் தத்தம் காலில் நிற்பதால் அந்த இடத்திலிருந்து வேறோர் அசைவுக்கு உடைவின்றி மாற முடியும். சாய்வு தொடங்கிய பிறகு மறுப்பை வைத்தால், விழுந்துகொண்டிருந்த உடல் சட்டென்று நிமிர்ந்து நிற்கும்.

கைகள் நழுவாமலிருக்க

பிடித்த இடத்தில் கையை நிறுத்த ஐகே என்ற ஏற்பாடு உதவுகிறது. உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தைச் சொன்னால் முழங்கையும் தோளும் தாமே அதற்கேற்ப மடங்கும். வாங்குபவரின் கணுக்காலில் ஒரு வெற்றுப் புள்ளியைக் கட்டி, போடுபவரின் கையை அந்தப் புள்ளிக்கு ஐகே வழியாக இணைத்தால், கால் எங்கே போனாலும் கை கூடவே போகும். வேலை முடிந்ததும் இந்த இணைப்புகளை எல்லாம் ஒவ்வொரு ஃபிரேமிலும் நிலையான அசைவாகப் பதிந்துவிட வேண்டும். பிளெண்டரில் இதற்கு பேக் ஆக்‌ஷன் என்ற கட்டளை இருக்கிறது. பதியாமல் வெளியே அனுப்பினால் இணைப்புகள் அறுந்து, கைகள் எங்கோ நிற்கும்.

ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு உடல்களில் அமைத்த பிடி, அளவு வேறுபட்ட உடல்களில் நிற்காது. கிங்காங்கின் உடல் ஒரு குன்று. தாராசிங் ஆறடி இரண்டங்குல உயரம், இறுகிய உடல். இருவருக்கும் ஒரே அசைவைக் கொடுத்தால் தாராசிங்கின் கைகள் கிங்காங்கின் வயிற்றுக்குள் மறைந்துபோகும். விளையாட்டு ஓடும்போதே கைகளின் இடத்தைத் திருத்த வசதியுள்ள எஞ்சின்களில், மேலே சொன்ன புள்ளிகளை ஒவ்வோர் உருவத்தின் தோல்மேல் வைத்து அங்கேயும் ஐகே போட்டுச் சமாளிக்கலாம். வசதி இல்லாதபோது கனத்த உடலுக்கு என்று இரண்டாம் அசைவை அமைப்பதே நேர்மையான வழி. அதில் கைப்பிடி அகலும். தூக்கும் நேரம் ஆறேழு ஃபிரேம் நீளும். முதல் முயற்சியில் பாதி எழுந்து இறங்குவதும் சேரலாம். விழும் நேரத்தில் கை வைக்கக் கூடாது: கனத்த உடலும் மெலிந்த உடலும் ஒரே வேகத்தில்தான் விழும். கனத்தைக் காட்ட வேண்டிய இடம் தரை. மேடை ஆழமாக உள்வாங்கட்டும், கயிறுகள் நடுங்கட்டும்.

விளையாட்டுக்குள் சேர்த்தல்

எலும்புகளின் பெயர்கள் விளையாட்டு எதிர்பார்க்கும் பெயர்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தொடக்கத்தில் இருவரும் விளையாட்டு வகுத்த தூரத்தில் முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். பிடி முடியும்போது இருவரும் நகர்ந்து போயிருக்கும் இடத்தை விளையாட்டுக்குத் தெரிவிக்காவிட்டால், அடுத்த கணமே பழைய இடத்துக்குத் தாவிவிடுவார்கள். பெரிய மேடையே பக்கத்துக்கு 20 அடி, அதாவது 6 மீட்டர்தான். இரண்டு மூன்று மீட்டர் முன்னேறும் பிடி கயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும்.

அடி விழுந்ததை விளையாட்டுக்குச் சொல்லும் அடிக்குறி, ஓசை, மேடை அதிர்வு மூன்றும் உடல் தரையைத் தொடும் அதே ஃபிரேமில் அமைய வேண்டும். ஆமூர்ப் பிடியில் அது 38. ஓசை மூன்று ஃபிரேம் பிந்தினால் எத்தனை அழகான வீழ்ச்சியும் வெறும் பொம்மை விழுவதாகிவிடும். சோதிக்கும்போது குட்டை, நெட்டை, பருமன், மெலிவு என்று நான்கு உருவங்களை மாற்றி மாற்றி இரு பக்கமும் போட்டு, கயிற்றருகிலும் மூலையிலும் நடு மேடையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசிச் சோதனை ஒன்று உண்டு, எதை விட்டாலும் அதை விடக் கூடாது. போடுபவரின் உருவத்தை மறைத்துவிட்டு வாங்குபவரை மட்டும் தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர் எங்கே பிடிபட்டார், எந்தப் பக்கம் இழுபட்டார், எந்தக் கால் தட்டப்பட்டது, எங்கே மூச்சு முட்டியது என்று பிடியின் பெயரே தெரியாத ஒருவர் பார்த்துச் சொல்ல முடிந்தால் வேலை முடிந்தது. சொல்ல முடியாவிட்டால் போடுபவரின் கோப்பைத் தொடாமல், வாங்குபவரின் இடுப்புப் பாதையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.